மிக்கோவின் கெட்டிமேளம்

போன சனிக்கிழமை எங்கள் குடியிருப்பில் டுக்நாட். வசந்தம் வந்ததும் ஒரு நாள் எல்லா வீட்டுக்காரரும் ஒன்றுகூடி முற்றத்தைக் கூட்டி, பூச்சாடிகளுக்கு மண் போட்டு, நிலவறையில் சேர்ந்த குப்பையை வெளியே எடுத்துப் போடுகிற நோர்வே வழக்கம் அது. சம்பளம் கிடையாது. ஆனால் கடைசியில் சுட்ட சொசேஜ் உண்டு. நான் அந்த சொசேஜை நினைத்துக்கொண்டுதான் விளக்குமாற்றைத் தூக்குவேன். இந்த முறை மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டா: நிலவறையில் கிடக்கிற என் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் வெளியே போயாக வேண்டும்.

ஒரு காலத்தில் ஒஸ்லோவில் நடந்த தமிழ்க் கலியாணம் எதையும் தவறவிடாத பெட்டிகள் அவை. ஒன்றைக் கவிழ்த்துத் தூக்கியபோது முன்பக்கத்து வலைக்குள் இருந்து ஏதோ சரசரவென்று கொட்டியது. குனிந்து பார்த்தால் அரிசி. மஞ்சள் பூசிய அறுகரிசி. உள்ளங்கையில் அள்ளி முகர்ந்தேன். மஞ்சளின் மணம் எப்போதோ போய்விட்டது. சூடேறிய தூசும் கொஞ்சம் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த வாசத்தோடு எனக்கு ஞாபகம் வந்தது ஒரு மணமகளும் இல்லை, மணமகனும் இல்லை. வெள்ளை இமைமயிரும் நீளக் கைகளுமாக, எங்கள் மாடிப்படியில் இந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஏறி வந்த பின்லாந்துக்காரன் மிக்கோதான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் பகலில் நகருக்குள் ஒரு மின்சாதனக் கடையில் வேலை செய்தேன். சனி ஞாயிறுகளில் கலியாணங்களுக்கு ஒலி அமைத்தேன். ‘ஒலிப் பொறியியலாளர்’ என்று பெயர் அட்டைகூட அடித்து வைத்திருந்தேன். எனக்கும் பொறியியலுக்கும் இருந்த தூரம் ஹம்மர்பெஸ்டுக்கும் ஒஸ்லோவுக்கும் உள்ள தூரம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அப்பா முதலில் அகதியாக வந்து சேர்ந்தது வடக்கே ஹம்மர்பெஸ்டில், மீன் வெட்டுகிற ஆலையில். அங்கிருந்து குடும்பத்தோடு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்த பயணம் முழுவதும் பஸ்ஸில் சத்தி எடுத்தவன் நான். அந்தத் தூரம் என் வயிற்றுக்கே தெரியும்.

ஒஸ்லோவில் அப்போது நாதஸ்வரக்காரரும் இல்லை, தவில்காரரும் இல்லை. லண்டனில் இருந்து வரவழைக்க எல்லோருக்கும் வசதி இராது. ஆகவே கலியாணங்களுக்கு மேளம் என்பது என் கசெற்தான். இரண்டு கசெற் போடுகிற கருவி ஒன்று வைத்திருந்தேன். இடப்பக்கத்தில் சாதாரண மங்கள இசை ஓடிக்கொண்டிருக்கும். வலப்பக்கத்தில் கெட்டிமேளம், சரியாகத் தொடங்குகிற இடத்துக்குச் சுற்றி நிறுத்தியபடி காத்திருக்கும். தாலி கட்டுகிற நேரம் வந்ததும் இடப்பக்கத்தை நிறுத்தி வலப்பக்கத்தை அமத்த வேண்டும். அவ்வளவுதான் என் கலை.

அந்த நேரத்தை எனக்குச் சொல்பவர் குகதாசன் அண்ணை. தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்தவர். ஒஸ்லோவில் யார் யாருக்குத் தாலி கட்டினாலும் மணவறைக்குப் பக்கத்தில் நின்று கெட்டிமேளத்துக்கு விரல் தூக்குவது அவர்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. முதல் ஒரு கலியாணத்தில் தூக்கினார், பிறகு அந்த விரல் இறங்கவே இல்லை. சுட்டு விரலில் ஒரு பவுண் மோதிரம் வேறு. கலியாண வீடியோக்களில் மாப்பிள்ளையின் முகத்தைவிட அந்த மோதிரம்தான் பளிச்சென்று விழுந்திருக்கும்.

நாங்கள் அப்போது ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் இருந்தோம். ஒரு நாள் காலை, வலப்பக்கத்துக் கசெற்றைச் சரியான இடத்துக்குச் சுற்றி வைப்பதற்காக வீட்டில் கெட்டிமேளத்தை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக வைத்துக் கேட்டால் என்ன என்று கேட்பீர்கள். மெதுவாகக் கேட்கிற கெட்டிமேளமும் ஆறின தோசையும் ஒன்றுதான். யாரோ கதவைத் தட்டினார்கள். முறைப்பாடு வந்துவிட்டது என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தை முதலிலேயே போட்டுக்கொண்டு திறந்தேன். மேல் வீட்டில் ஒற்றை அறையில் இருக்கிற பையன், காலில் கம்பளிக் காலுறை மட்டும், காதில் ஒரு பென்சில்.

“அதைத் திரும்பப் போடுவியா?” என்றான்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவன் பேசியது பின்லாந்துப் பள்ளிக்கூடத்தில் படித்த சுவீடிஷ். நான் பேசியது ஹம்மர்பெஸ்ட் மீன் ஆலைக்காரரிடம் கற்ற நோர்வேஜியன். இரண்டும் நடுவழியில் எங்கேயோ சந்தித்துக்கொண்டன. அவன் சொன்னதையெல்லாம் நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதப்போகிறேன். என்ன செய்வது, என் ஞாபகத்தில் அவன் அப்படித்தான் கதைக்கிறான்.

திரும்பப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். “ஏன் இவ்வளவு சத்தம்? எல்லாரும் ஒரே நேரத்தில ஓடுகினம்.”

“தாலி கட்டேக்கை ஆரும் தும்மினால், குழந்தை அழுதால், கூடாத சொல்லு ஏதும் விழுந்தால் காதில படக்கூடாது. அதை மூடத்தான்.”

“அப்ப இது கேக்கிறதுக்கு இல்லை. வேற ஒண்டும் கேளாமல் இருக்கிறதுக்கு!”

“ஓம், அப்படியும் சொல்லலாம்” என்றேன். அதுவரை நான் அப்படி யோசித்ததே இல்லை. மிக்கோ எங்கள் சப்பாத்துத் தட்டின்மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். சங்கீதக் கல்லூரியில் இசையமைப்புப் படிக்கிறானாம். இவ்வளவு வருசப் படிப்பில் இப்படி ஒரு வேலை இசைக்கு உண்டு என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லையாம். சத்தம் கேட்டு வந்த அம்மா, யாரோ ஒரு வெள்ளைப் பையன் சப்பாத்துகளுக்கு மேல் இருந்து கண்ணீர் வரச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி போடப் போனா.

அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். முதல் நாளே அன்பளிப்பாகக் கறுப்பு இனிப்பு ஒன்று கொண்டுவந்தான். பின்லாந்துக்காரர் உயிரை விடுகிற உப்பு அதிமதுர மிட்டாய். அம்மா மரியாதைக்கு ஒன்றை வாயில் போட்டா. முகம் போன போக்கை நான் இப்போதும் மறக்கவில்லை. “தம்பி, உது ஆருக்கு வருத்தம் எண்டு வாங்கின மருந்து?” என்று கேட்டா. அதற்குப் பதிலாக அம்மா கொடுத்த மோர் மிளகாயை அவன் வாழைப்பழம் தின்பதுபோல முழுசாகக் கடித்தான். அதோடு கணக்குச் சரி.

மிக்கோவின் ஊர் பின்லாந்தின் கிழக்கே ஒரு ஏரிக்கரை. அப்பா குளிர்காலத்தில் பனியில் ஓடுகிற ஸ்கூட்டர்கள் திருத்துவார், கோடைகாலத்தில் ஏரிக்கரை நடன மண்டபத்தில் அக்கோடியன் வாசிப்பார். பின்லாந்துக்காரர் டாங்கோ ஆடுவார்கள் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. யாரோடும் கதைக்காத மனிதர்கள், கோடையில் ஒரு இரண்டு மாதம் கட்டிப்பிடித்து ஆடித் தீர்த்துவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்வார்களாம். பள்ளிக்கூட பாண்டில் மிக்கோவுக்கு ட்ரம்பெற். ஏரி உறைகிறபோது பனிக்கட்டி நீளத்துக்கு வெடித்துப் போகிற சத்தத்தைச் சின்ன வயதில் ட்ரம்பெற்றுக்கு எழுதிப் பார்த்திருக்கிறான். பாண்ட் மாஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, பனிக்கட்டிக்கு மெட்டுக் கிடையாது, போய் அணிவகுப்புப் பாட்டைப் பழகு என்றாராம். “அவர் சொன்னது சரி. ஆனால் அண்டைக்குத்தான் எனக்கு விருப்பம் வந்தது” என்பான்.

பிறகு ஹெல்சிங்கி, அதன்பிறகு ஒஸ்லோ. ஏன் ஒஸ்லோ என்று கேட்டதற்கு அவன் ஏதாவது பெரிய காரணம் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். “முதல்ல பதில் போட்டவை இவைதான்” என்றான்.

அவனுக்கு இசையைப் பற்றி ஒரு பிடிவாதம் இருந்தது. இசை என்றால் சப்பாத்து மாதிரி இருக்க வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு எங்கேயாவது போக முடிகிறதா என்பதுதான் கேள்வி, அழகு இரண்டாம் பட்சம் என்பான். “அப்பாவின்ர அக்கோடியனால எங்கட ஊரில அரைவாசிப் பேர் கலியாணம் கட்டினவை. என்ர இசையால இன்னும் ஒரு பூனைகூட இருந்த இடத்தை விட்டு எழும்பேல்லை.” சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் அதில் அவனுக்கு உண்மையான துக்கம் இருந்தது. அவனுடைய அறைக்குப் போனால் பென்சில் சீவல் மணமும் காய்ந்த கோப்பி மணமும்தான். மேசையில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு அழிறப்பர். எழுதுவதைவிட அழிப்பது கூட என்பதால் பெரிதாக வாங்கி வைத்திருந்தான்.

அது அவனுடைய கடைசி வருடம். வசந்தத்தில் பரீட்சை. சிறிய வாத்தியக் குழு ஒன்று அவன் எழுதுவதை மேடையில் வாசிக்கும், பரீட்சகர்கள் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். சரிவந்தால் அவன் இசையமைப்பாளன். சரிவராவிட்டால் ஊருக்குத் திரும்பி அப்பாவின் திருத்தகத்தில் அக்காவின் புருசனோடு ஸ்கூட்டர் திருத்துவதாக வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அத்தான்காரர் அவனுடைய அளவில் ஒரு நீல மேலங்கி வாங்கி ஆணியில் தொங்கவிட்டே வைத்திருந்தாராம். நத்தார் விடுமுறைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் அழிறப்பரை மட்டும் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

சும்மா இருக்கிறவனைச் சும்மா விடுவேனா? அவனிடம் ஒரு பழைய வொல்வோ இருந்தது, பின்கதவு திறந்தால் என் பெட்டிகள் இரண்டும் படுத்துக்கொள்ளும். கலியாணங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். வயர் சுற்றுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். சாப்பாட்டுப் பந்தியிலும் அப்படித்தான்.

அப்படி ஒரு நாள் எல்லிங்ஸ்ருட் பக்கம் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கலியாணம். மணவறை கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே. வளையத்தை மறைக்க மாலை சுற்றியிருந்தார்கள், அதனால் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஓமப் புகைக்கு நெருப்பு எச்சரிக்கை மணி அடித்துவிடாமல் இருக்க, பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் காலையிலேயே வந்து அதை நிறுத்திவிட்டு, “அரிசி எறிந்தால் கூட்ட வேண்டும்” என்று தமிழருக்கே உரிய ஒரு சந்தேகத்தோடு எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் தமிழர் இல்லை, நோர்வேக்காரர்தான். நிறையத் தமிழ்க் கலியாணம் பார்த்து அப்படி ஆகிவிட்டார்.

கூறைத்தட்டு சபைக்குள் சுற்றத் தொடங்கியது. கூறைச் சேலையும் தாலிக்கொடியும் வைத்த அந்தத் தட்டை வந்தவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்து அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் பெண் கூறை மாற்றப் போவாள், மாற்றி வந்த பிறகுதான் தாலி. பின்னாலேயே அறுகரிசித் தட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஐயரின் மைக் கரகரத்து நின்றுவிட்டது. நான் மிக்கோவைக் கருவிக்கு முன்னால் இருத்தி, “அண்ணை விரல் தூக்கினால் இடத்தை நிப்பாட்டி வலத்தை அமத்து. வேற ஒண்டும் செய்யாதை” என்று சொல்லிவிட்டு, வயரோடு மணவறைக்குப் பின்னால் ஊர்ந்து போனேன்.

அப்போது வீடியோக்காரர் குகதாசன் அண்ணையைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லிக் கை காட்டியிருக்கிறார். பெண் வீட்டாரின் முகம் மறைகிறதாம். அண்ணை, ஒரு நிமிசம் பொறு என்பதற்கு, மோதிரம் மின்ன விரலைத் தூக்கியிருக்கிறார்.

நல்ல இசைக்காரன் சைகையைக் கண்டால் யோசிக்க மாட்டான். அவனைப் பழக்கியிருப்பதே அப்படி. மிக்கோ அமத்தினான்.

மண்டபம் அதிர்ந்தது. கெட்டிமேளம் கேட்டால் எங்கள் ஆட்களின் கையும் யோசிக்காது. அரிசி வைத்திருந்த அத்தனை பேரும் எழும்பி எறிந்தார்கள். மணவறையில் ஒரு மஞ்சள் மழை. என் முதுகிலும் விழுந்தது. மாப்பிள்ளை வெறும் இரண்டு கையையும் விரித்து, தாலியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறார். தாலி எங்கே? பிளாஸ்ரிக் கதிரைகளின் மூன்றாவது வரிசையில், ஒரு பெரியவரின் மடியில், தட்டில் இருக்கிறது. அவர் பாவம், தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் ஒண்டும் செய்யேல்லை” என்கிறார்.

மிக்கோ பயந்துபோய் இரண்டு கசெற்றையும் சேர்த்து நிறுத்திவிட்டான். பெண்ணின் தாய் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினா. அபசகுனம் என்று ஒரு குரல் பின்னால் எழும்பவும், ஐயர் மைக் இல்லாமலே எழும்பி நின்று உரத்துச் சொன்னார்: “ஒண்டும் இல்லை! தாலி கட்டேல்லை எண்டால் இன்னும் ஒண்டும் நடக்கேல்லை. அம்மா, நீங்கள் அழாதேங்கோ. பிள்ளை போய்க் கூறையை மாத்திக்கொண்டு வரட்டும். ஆராவது புதுசா அரிசி கொண்டுவாங்கோ.”

பெண்கள் நாலைந்து பேர் சமையலறைக்கு ஓடினார்கள். சாதம் போட வைத்திருந்த பாஸ்மதியில் மஞ்சளைப் போட்டுப் பிசைந்து, பேசினில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் கருவியடிக்கு ஓடி வந்து வலப்பக்கத்துக் கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தேன். பெண் கூறையோடு வந்து உட்கார்ந்தாள். ஆனாலும் இசை போட எனக்குப் பயம். ஒரு தரம் பிழைத்த பிறகு எந்தச் சத்தத்தையும் போட மனம் வரவில்லை. சபைக்கும் அப்படித்தான். யாரும் கதைக்கவில்லை. உங்களுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தார் ஒரு மண்டபத்தில் கதைக்காமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று. அன்று இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூட. எல்லோர் கையிலும் அரிசி, எல்லோர் கையும் பொத்தியபடி, எல்லோர் கண்ணும் குகதாசன் அண்ணையின் விரலில்.

மிக்கோ என் முழங்கையைப் பிடித்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. சபையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்து, வாய் திறந்து.

அண்ணை இந்தத் தரம் பிசகு வரக்கூடாது என்று இரண்டு கையையும் தூக்கினார். நான் சத்தத்தை முழுக்கத் திருகி விட்டேன். அரிசி பறந்தது. பெண்ணின் தாய் அழுதபடியே சிரித்தா. பந்தியில் மிக்கோவின் இலைக்கு வடைமேல் வடையாக அவவே வந்து வைத்தா. அவன் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சாப்பிட்டான்.

திரும்பி வரும்போது வொல்வோவில் சொன்னான்: “அமைதி எண்டால் சத்தம் இல்லாதது எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். எங்கட ஊர் முழுக்க அதுதான் இருக்கு. இண்டைக்குக் கேட்டது வேற. அத்தனை பேரும் சேர்ந்து செய்த அமைதி. கையில அரிசியோட.” அன்று முதல் அவன் வீட்டில் அழிறப்பர் உருளவில்லை. அம்மா சாப்பாட்டுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டு வருவா.

எழுதி முடித்து எனக்கு விளங்கப்படுத்தினான். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓரிடத்தை நோக்கி நடக்கும். கூடிக் கூடி, வந்து சேர்கிற இடத்தில் எல்லாம் நின்றுவிடும். வில்லுகள் நரம்புக்கு மேல், வாய்கள் குழலில், ஆனால் சத்தம் இல்லை. நீளமாக. சபை தாங்குகிற வரைக்கும். அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில், தங்களால் முடிந்த அளவுக்கு. “எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். “அது எழுதேல்லை” என்றான்.

ஒத்திகையில் வந்தது வினை. அந்த இடத்தில், கேட்க வந்திருந்த மாணவர்கள், முடிந்துவிட்டது என்று கை தட்டிவிட்டார்கள். கைதட்டலுக்கு மேல் வாத்தியங்கள் வெடித்ததும் எல்லோரும் சிரித்தார்களாம். அவனுடைய பேராசிரியை நல்ல மனுசி. அந்த இடைவெளியைச் சுருக்கு, அல்லது ஒரு புல்லாங்குழலையாவது அதற்குள் ஊத விடு, சனத்துக்கு முடியவில்லை என்று தெரியும் என்று சொல்லியிருக்கிறா. இவன் மாட்டேன் என்றிருக்கிறான். “ஒரு சுரம் வைச்சால் சனம் அந்தச் சுரத்தைக் கேக்கும். காத்திருக்காது.” பரீட்சையிலும் கை தட்டினால் பரீட்சகர்களுக்கு அது ஒரு பகிடியாகத்தான் கேட்கும், நீல மேலங்கி ஆணியில் காத்துக்கொண்டிருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். எங்கள் குசினியில் இருந்து நகம் கடித்தான். அம்மா வந்து, “எப்ப தம்பி உங்கட கச்சேரி? நாங்களும் வரலாமோ?” என்று கேட்டா. அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றான். “கலியாணத்துக்கு வந்த எல்லாரையும்.”

மே மாதத்து மாலை. வெளியே நல்ல வெயில். வெள்ளைக்காரரின் நிகழ்ச்சி, பிந்தினால் மரியாதை இல்லை என்று நாங்கள் கதவு திறக்க முதலே போய்விட்டோம். அதனால் முன்வரிசை முழுக்க எங்களுக்கு. அம்மா காஞ்சிபுரத்துக்கு மேல் குளிர் ஜக்கெற். அந்தக் கலியாணத்துப் பெண்ணும் மாப்பிள்ளையும், பெண்ணின் தாய், ஜீன்ஸ் போட்டதால் யாரும் அடையாளம் காணாத ஐயர், நடுவில் கோட் சூட்டில் குகதாசன் அண்ணை. பின்னால் கறுப்பு உடுப்பில் நோர்வேக்காரர். பரீட்சகர்கள் ஓரத்தில் ஒரு மேசையில். மிக்கோ எங்கே இருந்தான் என்று தெரியவில்லை.

தொடங்கியது. உண்மையைச் சொன்னால் முதல் பாதி எனக்கு விளங்கவில்லை. வயலின்கள் புதுப்பனியில் கால் வைக்கிற மாதிரி மெதுவாக வந்தன. நான் மேடையில் மைக் எங்கே வைத்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொட்டாவியை ஜக்கெற்றுக்குள் விட்டா. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து, நெருங்கி, நெருங்கி, எல்லாம் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. வில்லுகள் உயர்ந்தபடி. வாத்தியக் குழு நடத்துநரின் கை அந்தரத்தில்.

பின்னால் யாரோ கை தட்டத் தொடங்கினார். டப், டப். என் உயிர் போய்விட்டது. குகதாசன் அண்ணை மெதுவாகத் தலையைத் திருப்பினார். கலியாணத்தில் மந்திர நேரத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. கைதட்டல் அப்படியே நின்றது. நான் எங்கள் வரிசையைப் பார்த்தேன். அம்மா இருக்கையின் நுனிக்கு வந்திருந்தா. மடியில் வலது கை பொத்தியிருந்தது. கைக்குள் ஒன்றும் இல்லை. பக்கத்தில் பெண்ணின் தாய், அவவின் கையும் பொத்தியபடி. மாப்பிள்ளை, ஐயர், அந்த வரிசை முழுக்க. இவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்வரிசை நுனிக்கு வந்து குனிந்திருப்பதைப் பார்த்துப் பின்வரிசைகளும் ஏதோ வரப்போகிறது என்று குனிந்தன. மண்டபம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

பிறகு நடத்துநரின் கை இறங்கியது. அம்மாடி! என் இரண்டு பெட்டிகளும் சேர்ந்தாலும் அந்தச் சத்தம் தந்திராது. எங்கள் வரிசையில் எல்லோருடைய கையும் விரிந்து மேடையை நோக்கி எறிந்தது, ஒன்றுமில்லாததை. பக்கத்தில் இருந்த நோர்வே அம்மா ஒருவர், தமிழர் இப்படித்தான் பாராட்டுவார்கள் போல என்று நினைத்து, தானும் ஒரு தரம் கையை வீசினார்.

மிக்கோ பரீட்சையில் சித்தியடைந்தான். வாசலில் அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். அம்மா காஞ்சிபுரம் கசங்குகிறது என்று கத்தினா. அன்று எங்கள் வீட்டில் நடந்த சாப்பாட்டைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. அத்தான்காரர் அந்த மேலங்கியை வெட்டித் தானே போட்டுக்கொண்டாராம்.

இலையுதிர்காலத்தில் அவன் ஹெல்சிங்கிக்குத் திரும்பினான். பிறகு வேறு வேறு நகரங்கள். கசெற் போய் சீடீ வந்தது, சீடீ போய் மடிக்கணினி வந்தது. என் பெயர் அட்டை எங்கே போனதென்று தெரியாது. இப்போது லண்டனில் இருந்தும் ஊரில் இருந்தும் நல்ல மேளக்காரர் வருகிறார்கள், கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. எல்லிங்ஸ்ருட் மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். குகதாசன் அண்ணை காலமாகிவிட்டார். அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் மிக்கோ ஒஸ்லோவுக்கு வந்தான். அதே படைப்பு, ஒரு பெரிய மண்டபத்தில், பெரிய வாத்தியக் குழுவோடு. எனக்கு நல்ல இருக்கை எடுத்துத் தந்திருந்தான். இமைமயிர் வெள்ளையாகவே இருக்கிறது. இப்போது தலையும் அதற்குத் துணை. வாத்தியங்கள் நடந்து வந்து, கூடி, நின்றன. நான் இருக்கையின் நுனிக்கு வருவதற்கு முன்பே அந்தப் பெரிய சத்தம் வந்துவிட்டது. நல்ல வாசிப்பு. சபை எழும்பி நின்று கை தட்டியது. நானும்தான்.

வெளியே கோப்பி குடித்தபடி, “இண்டைக்கு ஒருத்தரும் இடையில தட்டேல்லை, கவனிச்சியா?” என்று கேட்டான்.

“ஓம், கவனிச்சனான்.”

“எப்பிடித் தட்டுவினம்? அவைக்கு நேரமே குடுக்கேல்லையே நான்” என்றான். அந்த இடைவெளியை ஒவ்வொரு நகரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தானாம். இப்போது தாளிலேயே ஒரு மூச்சு என்று எழுதிவிட்டானாம். சொல்லிவிட்டு அவன் பழையபடி சிரித்தான், நானும் சிரித்தேன், கோப்பி ஆறுகிற வரைக்கும் இரண்டு பேரும் அம்மாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.